யார் வீட்டு நாய்?

தஞ்சாவூர்ச் சீமையில் நாய் வளர்க்கிறவர்கள் கொஞ்சம். நாய்க்குச் சோறு போடுகிறவர்கள் நிறைய. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். ஒன்றில்லை என்பது நாய் யாரையாவது கடித்த பிறகுதான் தெரியும்.

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்துக்குப் போகிறவரை நெல் களத்தில் குவிந்து கிடக்கும். இரவெல்லாம் பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கும். "நம்ம மணி இருக்கிறப்போ ஒரு பய களத்துப் பக்கம் வருவானா?" என்று அதைப் பற்றிப் பெருமை நடக்கும். அதே மணி, தெருவோடு போகிற பிள்ளையின் ஆடுசதையைக் கவ்விவிட்டால், "அது எங்க நாய் இல்லீங்க. சும்மா இங்க வந்து படுத்துக் கெடக்கும்" என்பார் அதே மனிதர். குரைப்பு நம்முடையது, கடி ஊருடையது. இப்படி ஒரு பாகப் பிரிவினையை எந்த வக்கீலாலும் எழுதிக் கொடுக்க முடியாது.

இதை வெறும் சாமர்த்தியம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சோறு போடுவதை நாம் தர்மம் என்று வைத்திருக்கிறோம். தர்மத்தில் ஒரு சௌகரியம் உண்டு. நினைத்தால் செய்யலாம், நினைத்தால் நிறுத்தலாம், யாரும் கணக்குக் கேட்க முடியாது. தடுப்பூசி அப்படியல்ல, அது கடமை. அதற்குத் தேதி உண்டு. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ஒன்று, டாக்டர் சொல்லும் நாளில் இன்னொன்று, அப்புறம் வருஷந்தோறும். சங்கிலி போட்டு, பிஸ்கட் கொடுத்து வளர்க்கிறவர்களில்கூட எத்தனையோ பேர் குட்டியில் போட்டதோடு மறந்துவிடுகிறார்கள். "வாசலைத் தாண்டாத நாய்க்கு ஊசி எதற்கு?" என்று ஒரு சமாதானம் வேறு. புண்ணியத்துக்கு ஆசைப்படுகிற மனசு, கடன் என்றதும் நழுவிவிடுகிறது.

வெறிநோயின் குறி கண்ட பிறகு பிழைத்தவர்கள் அபூர்வத்திலும் அபூர்வம். குறி காணுமுன் தடுக்கலாம் என்று 1885ல் பாரிஸில் லூயி பாஸ்டர் காட்டினார். நாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையன் அவர் ஊசியால் பிழைத்தான். 1907ல் நம் குன்னூரிலேயே அவர் பெயரில் ஒரு நிலையம் வந்தது. கொப்பூழைச் சுற்றி ஊசி குத்திக்கொண்ட கதையைப் பழைய மனிதர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலம் போயிற்று. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், கையில் ஊசி போடுகிறார்கள், காசு இல்லை.

ஆனால் இத்தனையும் கடிபட்டவனுக்கு. மனிதனுக்கு இந்த நோய் வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை நாயால்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூறு நாயில் எழுபதுக்கு ஊசி போட்டால், நாய்க்கு நாய் தொற்றுகிற சங்கிலியே அறுந்துவிடுமாம். நாம் செய்வது என்ன? நாய்க்குப் போட வேண்டிய ஊசியை அடுத்த வீட்டுக் குழந்தையின் கையில் போட வைக்கிறோம்.

"ஒரு கவளம் சோறு வைத்த ஏழைக்கு இவ்வளவு பாரமா? அப்புறம் வாயில்லா ஜீவனுக்கு யார்தான் சோறு வைப்பார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கவளத்துக்கு முழுப் பாரத்தையும் ஏற்றக் கூடாதுதான். ஆனால் பத்து வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய் பத்து வீட்டுக்கும் சொந்தம். கால்நடை மருந்தகத்துக்கு ஒருவர் அழைத்துப் போகலாம். கூடப் பிடித்துக்கொள்ள ஒருவர் போகலாம். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் தேதியை ஒட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கிறது. உற்சவத்துக்கு மண்டகப்படி பிரித்துக்கொள்ளத் தெரிந்த ஊருக்கு இது ஒரு பெரிய காரியமா?

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் கல்தேர் நிற்கிறது. கன்றின் மேல் தேரை ஏற்றியது ராஜா அல்ல, பிள்ளை. "நான் ஓட்டவில்லை, கன்று தானாக வந்து விழுந்தது" என்று சொல்ல அவனுக்கும் வழி இருந்தது. அவன் சொல்லவில்லை, அதனால்தான் அந்தக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நம்மிடம் யாரும் பிள்ளையைத் தேர்க்காலில் இடச் சொல்லிக் கேட்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது எங்க நாய்" என்று நாலு பேர் முன்னால் சொன்னால் போதும்.