யார் கடனை யார் தள்ளுவது?

நொடித்துப்போன நிறுவனம் கடன் கொடுத்தவர்களிடம் திருப்பிச் செலுத்தும் திட்டம் வைக்கிறது. தோல் தொழிலில் முஸ்லிம் வணிகர்கள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் அது வெறும் கணக்கு வேலை அல்ல. நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுங்கள், கடனைத் தள்ளுபடி செய்வது இன்னும் நல்லது என்கிறது திருக்குர்ஆன் (2:280). அந்த நன்மை தன் பணத்தைத் தானே விடுபவருக்குத்தான். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, வழக்கமாக வங்கி போன்ற நிதிக் கடன் கொடுத்தவர்களே கடன் கொடுத்தோர் குழுவில் வாக்களிக்கிறார்கள். 66 சதவீத வாக்கில் திட்டம் நிறைவேறும். பச்சைத்தோல் கொடுத்த மண்டிக்காரருக்கும், ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுத்த ஜாப் ஒர்க்காரருக்கும் வாக்கில்லை. அவர்கள் பாக்கியை வங்கி குறைப்பது கருணையாகாது. அடுத்தவர் சட்டைப்பையிலிருந்து செய்யும் தர்மம் அது.

எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தால் எந்தத் திட்டமும் தேறாது, ஆலை மூடினால் அவர்களுக்கே நஷ்டம் என்பார்கள். நியாயம்தான். சட்டமும் அவர்களுக்குக் குறைந்தது கலைப்பு மதிப்பையாவது (நிறுவனத்தைக் கலைத்து விற்றால் அவர்களுக்குக் கிடைக்கும் தொகை), அதுவும் முதலில், தரச் சொல்கிறது. ஆனால் அடமானக் கடன் சொத்தை விழுங்கிய ஆலையில் அந்த மதிப்பு பெரும்பாலும் பூஜ்யம். பூஜ்யத்தை முதலில் கொடுத்து என்ன பயன்?

கடன் பட்டியலில் ஏறாத, பாக்கி வர வேண்டியவர்களும் உண்டு. தோல் ஆலைக் கழிவால் பாதிக்கப்பட்ட பாலாற்றங்கரை விவசாயிகளுக்கு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. திட்டம் எழுதும் கணக்காளர்களே, அந்தப் பாக்கியையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.