கொலைக்கு முந்திய மனம்

ஒருவன் செய்த செயலுக்குச் சாட்சி உண்டு. செயலுக்கு முன் அவன் எண்ணியதற்குச் சாட்சி யார்?

1843 ஜனவரியில் இலண்டனில் டானியேல் மக்நோட்டன் என்பவன், பிரதமர் றொபேட் பீலின் அந்தரங்கச் செயலாளரான எட்வேட் ட்றமண்டைச் சுட்டான். ஐந்து நாட்களில் ட்றமண்ட் உயிரிழந்தார். அதற்குமுன் பல நாட்கள் மக்நோட்டன் அப்பகுதியில் உலாவியிருந்தான். வழக்குத்தொடுநர் அதனைத் திட்டமிட்ட கொலையின் ஆயத்தம் என்றனர். எதிரிதரப்பு மருத்துவரோ, டோரிக் கட்சியினர் தன்னைத் துன்புறுத்துகின்றனர் என்ற பிரமையின் விளைவாகவே அவன் நடத்தையைக் கண்டனர். செயல் ஒன்று, அதற்குக் கற்பிக்கப்பட்ட மனங்கள் இரண்டு.

சித்த சுவாதீனமின்மையால் அவன் குற்றவாளியல்லன் என யூரர் தீர்த்தனர். எனினும் 1865இல் இறக்கும்வரை அவன் மனநோயாளர் காப்பகங்களிலேயே அடைபட்டிருந்தான். தீர்ப்புக்கெதிராக எழுந்த கண்டனத்தின்பின், பிரபுக்கள் சபைக்கு நீதிபதிகள் அளித்த விடைகளே மக்நோட்டன் விதிகளாயின. செயலின் தன்மையையோ, அது தவறென்பதையோ அறியும் ஆற்றல் எதிரிக்கு இருந்ததா என அவை வினவுகின்றன. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவும் இத்தகைய வினாவையே எழுப்புகின்றது.

கொலையை அறிந்தபின் நோக்குவோர்க்கு முன்னைய நடத்தை யாவும் கொலைக்கு ஏறிய படிகளாகவே தோன்றும். சுடாது வீடு திரும்பியிருப்பின், அதே உலாவலைக் கொலைத்திட்டம் என எவரும் கூறியிரார். மனத்தை ஊகியாது நீதி வழங்கல் இயலாது என்பது உண்மையே. ஆயின் ஊகத்தை ஊகமென உணர்ந்து, மாற்று விளக்கத்தையும் நிறுத்துப் பார்த்தல் தீர்ப்போரின் அறக்கடமையாகும். இல்லாத மனமொன்றைத் தண்டிப்பது கொல்லப்பட்டவருக்கும் நீதியாகாது.