சமநிலையே வெற்றியின் வித்து

கல்வியும் கூர்மதியும் நிரம்பியோர் சிலர் வாழ்வில் பாதி வழியில் இடறி விழுகின்றனர். சாதாரணத் திறன் உடையோர் சிலர் உயர்நிலை எய்துகின்றனர். இதற்குக் காரணம் என்ன? 1990-இல் அமெரிக்க உளவியலாளர்களான பீட்டர் சாலவே, ஜான் மேயர் இருவரும் இவ்வினாவுக்கு உதவும் 'உணர்ச்சி நுண்ணறிவு' என்னும் கருத்தை முன்வைத்தனர். 1995-இல் வெளிவந்த டேனியல் கோல்மேனின் நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. தன் உணர்ச்சியை அறிதல், அதனை நெறிப்படுத்தல், பிறர் உள்ளம் உணர்தல் ஆகியவை இதன் கூறுகள்.

குருக்ஷேத்திரத்தில் பகவான் உபதேசித்ததும் இதுவே. அர்ஜுனனின் வில்வித்தையில் குறை ஏதுமில்லை. ஆயினும் காண்டீவம் நழுவியது. தளர்ந்தது கை அன்று, மனம். ஆசையிலிருந்து கோபமும், கோபத்தால் மயக்கமும், மயக்கத்தால் நினைவுத் தடுமாற்றமும் தோன்றி, முடிவில் புத்தி அழிவதைக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் படிப்படியாக விளக்குகிறது. இருக்கும் அறிவே வேண்டிய தருணத்தில் உதவாமற்போவதுதான் இவ்வீழ்ச்சி.

ஒரு தலைவரின் சமநிலை

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும், அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராகவும் ஒரே காலத்தில் விளங்கியவர் பேராசிரியர் சதீஷ் தவான். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் டாக்டர் அப்துல் கலாம். கணினி ஏவுதலை நிறுத்தியபோதும், வல்லுநர்களின் ஆலோசனையை ஏற்றுத் தொடர முடிவெடுத்தவர் அவரே. ஆயினும் செய்தியாளர்களைத் தவானே எதிர்கொண்டார். தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றார். தம் குழுவினர் வெற்றி காண்பர் என்று உறுதி கூறினார்.

1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அன்று செய்தியாளர் கூட்டத்தை நடத்துமாறு கலாமைப் பணித்துவிட்டு, தவான் ஒதுங்கிக்கொண்டார். கலாம் இதனைப் பிற்காலத்தில் பலமுறை நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

தோல்வியில் பழிசுமத்த ஆள் தேடுவதும், வெற்றியில் முன்வந்து நிற்பதும் அகங்காரத்தின் இரு முகங்கள். இரண்டுக்கும் இடங்கொடாதவரே பிறரை வளர்க்க வல்லவர். பழிக்கு அஞ்சும் இடத்தில் பிழை மறைக்கப்படும். அச்சமற்ற இடத்தில் அது ஆராயப்பட்டுத் திருத்தப்படும்.

சாதகர் கொள்ள வேண்டியது

சமநிலை என்பது கல்லாகிவிடுதல் அன்று. துயரம் வரும், சினமும் எழும். அவை எழுவதைக் காண்பதும், அவற்றின் கையில் கடிவாளத்தைக் கொடாதிருப்பதுமே சாதனை. மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. பிறர் மனத்தை அறியும் திறன் வஞ்சகனிடமும் உண்டு. அதனால் அவன் ஏமாற்றுகிறான். அத்திறனோடு தர்மமும் அன்பும் சேரும்போதுதான் அது சேவையாகிறது.

சினம் எழும் கணத்தில் மறுமொழியைச் சற்றே தாமதிக்கலாம். இரவில் உறங்குமுன், "இன்று என் பிழைக்கு யாரைக் குறை கூறினேன்? யாருடைய உழைப்பின் புகழை நான் ஏற்றேன்?" என்று தன்னையே வினவலாம். இவ்விரு வினாக்களுக்கும் நேர்மையாக விடை காண்பவரின் உள்ளம் நாளுக்கு நாள் தெளியும். தெளிந்த உள்ளத்தில் இறைவனின் அருளும் எளிதில் பிரதிபலிக்கும்.