துலாக்கோலின் நடுவுநிலை

சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை நாம் இலக்கண நூலென்றே போற்றி வருகிறோம். அதன் பொதுப்பாயிரம் கற்பிப்போர், கற்போர் இயல்புகளை ஆராயும் கல்வி நூலாகவும் விளங்குவதைப் பள்ளிப் பருவத்தோடு மறந்துவிட்டோம். அதில் தலைமாணாக்கர்க்கு அன்னமும் பசுவும், இடைமாணாக்கர்க்கு மண்ணும் கிளியும், கடைமாணாக்கர்க்கு ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியனவும் உவமைகளாயின. இவற்றுள் எருமை மட்டும் வசைச்சொல்லாக இன்றும் வகுப்பறைகளில் வாழ்ந்து வருகிறது!

முனிவர் மாணாக்கரை மட்டும் எடைபோட்டு நிறுத்தினாரில்லை. ஆகாத ஆசிரியர்க்குக் கழற்காய் பெய்த குடம், முடத்தெங்கு, பருத்தி அடைத்த குண்டிகை எனக் கடுமையான உவமைகளைக் கூறினார். நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிட்டார். கற்பவன் எவ்வகையால் ஏற்பானோ அவ்வகையறிந்து கொடுத்தலையும் ஆசிரியர் கடமையாக்கினார்.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. நிறைகோல் எவர் பக்கமும் சாயாதது. அவ்வாறாயின் ஒருவனுக்கு ஒரு விதமாகவும் மற்றவனுக்கு வேறு விதமாகவும் கற்பித்தல் நடுவுநிலை தவறுவதாகாதோ?

மூன்றாம் வகுப்பில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும்படி ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார் எனக் கொள்வோம். மூன்று குழந்தைகள் 35 என விடையெழுதுகின்றனர். முதற்குழந்தை, 2-இலிருந்து 7 போகாதென்று கண்டு, 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டது. அதற்கு இடமதிப்பே விளங்கவில்லை. இரண்டாங்குழந்தை 12-இலிருந்து 7-ஐச் சரியாகவே கழித்தது. கடன் கொடுத்த 5-ஐ 4 ஆக்க மறந்தது. மூன்றாங்குழந்தையோ பிழையே செய்யவில்லை. பின் வரிசையிலிருந்த அதன் கண்களுக்கு 52 என்பது 62 ஆகத் தெரிந்தது. முதற்குழந்தைக்குப் பப்பத்துக் குச்சிகளாகக் கட்டிய கட்டுகள் தேவை. ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால் விளங்கும். இரண்டாவதற்கு ஒரு சொல் போதும். மூன்றாவதற்கு வேண்டுவது முன்வரிசை இடமும் மூக்குக்கண்ணாடியும் அன்றோ? மூவரையும் அக்கணக்கைப் பத்துமுறை எழுதிவரச் சொல்வது ஆசிரியர்க்கு எளிது. காண்போர்க்குச் சமநீதி போலவும் தோன்றும்.

துலாக்கோலின் நடுவுநிலை அதன் முள்ளில் இருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் ஒரே படிக்கல்லை இடுவதில் இல்லை.

எனினும் இதிலோர் இடர் உண்டு. அளவு வேறுபடலாம் என ஒப்புக்கொண்டவுடன், 'இவனுக்கு இவ்வளவு போதும்' என்று கைவிடவும் வழி பிறந்துவிடுகிறது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டது. எருமையினும் இவை எத்துணையோ இனிய பெயர்கள். ஆயினும் அரும்பென்று ஒதுக்கப்பட்ட குழந்தை ஆண்டு முழுதும் அரும்பாகவே இருக்குமாயின், இனிய பெயரால் ஆவதென்ன?

நம் அறநெறியில் இல்லறத்தார்க்கு அணுவிரதமும் துறவியர்க்கு மகாவிரதமும் விதிக்கப்பட்டுள்ளன. விரதங்கள் ஐந்தும் அவையே, அளவுதான் வேறு. இல்லறத்தாரை அணுவிரதத்தோடு நிறுத்திவிடாமல், மேலேறுவதற்குப் பதினோரு நிலைகளையும் வகுத்தனர். ஏறும் படியில்லாத பிரிவினை நம் முன்னோர்க்கு உடன்பாடன்று. வகுப்பறைப் பிரிவுகளையும் இந்த அளவுகோலால் நோக்குதல் தகும் என்பது நம் கருத்து.

நாற்பது பிள்ளைகளை ஓராசிரியர் எவ்வாறு தனித்தனியே நோக்குவார் என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. நாள்தோறும் நாற்பது பாடம் நடத்த எவராலும் இயலாது. ஆனால் விடைத்தாளில் தவறுக்குறி இடுமுன் 'எப்படிப் போட்டாய்?' என்று நாளொன்றுக்கு நால்வரைக் கேட்டாலும், பத்துப் பள்ளிநாள்களில் நாற்பதின்மரும் கேட்கப்பட்டுவிடுவர். விரைந்து முடித்த பிள்ளையைச் சும்மா இருத்தி வைத்தலும் ஒருவகைப் புறக்கணிப்பே. விடை 25 வருமாறு வேறு மூன்று கணக்குகளை அமைக்கச் சொன்னால், அப்பிள்ளையின் அறிவுக்கும் அன்றைய உணவு கிடைக்கும்.

ஜினாலயங்களில் நம் சிறுவர்க்கு வகுப்பெடுக்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். ஆறு வயதினரும் பதினாறு வயதினரும் ஒரே பாயில் அமர்கின்றனர். ஐவகை விரதங்களை ஒப்புவிக்கச் சொல்லிச் சிறியவனைப் பெரியவன் முன் தலைகுனிய வைத்தல் வேண்டா. சிறியவன் எறும்பை மிதியாமல் நடந்த கதையைச் சொல்லட்டும். பெரியவன் கடையில் எடை குறையாமல் விற்பது எவ்விரதத்தில் அடங்கும் என்று ஆராயட்டும்.