டோபிகானாவும் வீட்டுக் கிணற்றடியும்

சுக்கும் மிளகும் மணக்கும் மட்டாஞ்சேரித் தெருக்களைக் கடந்து, அடுத்துள்ள போர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதிக்குச் சென்றால் டோபிகானா என்னும் சலவைக்கூடம் வரும். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுக்க அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார்களின் வழிவந்தோர், 1976-ல் எழுந்த அக்கட்டடத்தில் இன்றும் தொழில் செய்கிறார்கள். ஆளுக்கொரு தடுப்பு, அதற்குள் தொட்டியும் கல்லும். கஞ்சி போட்டுப் பிழிந்த துணியை முறுக்கிய கயிற்றில் செருகிவிட்டால் புரிகளே அதைக் கவ்விக்கொள்ளும்.

அங்கே நரைத்த ஆண் ஒருவர், யாருடையதோ ஒரு சேலையின் ஓரங்களை நீவி, கரிப்பெட்டியால் தேய்த்து, இம்மியும் பிசகாமல் மடிப்பதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. அதே கைகள் வீட்டுக் கிணற்றடியில் மனைவியின் சேலையை அலசினால் பக்கத்து வீட்டுச் சன்னல் திறக்கும். வேலை ஒன்றுதான், கூலி உண்டென்றால் ஆணுக்கும், இல்லையென்றால் பெண்ணுக்கும் உரியதென நாம் பகுத்துவைத்தோம்.

ஆண் வேலை, பெண் வேலை என்னும் பகுப்பு எத்துணை ஆழத்தில் வேரோடியுள்ளது என்பதை 1997-ல் உளவியல் ஆய்வாளர் ஆஸ்டர்ஹவுட்டும் அவருடன் ஆய்ந்தோரும் காட்டினர். தலையில் மின்முனைகள் பொருத்தப்பட்டோர் ஆங்கில வாக்கியங்களைப் படித்தனர். ஆணுக்குரியதென வழக்கம் கருதும் தொழிலைச் செய்பவர் பெண் என்றோ, பெண்ணுக்குரியதைச் செய்பவர் ஆண் என்றோ பின்வந்த, ‘தன்னை’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் (himself, herself) உணர்த்தியதும், இலக்கணப் பிழையைக் கண்டால் எழுவது போன்ற பேரலை மூளையில் எழுந்தது. வாக்கியத்தில் குற்றமில்லை என்று அவர்களே தீர்ப்பளித்தபோதும் அவ்வலை ஓயவில்லை. பெண்களிடம் அது இன்னும் பெரிதாக இருந்தது என்பதே என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. (நம் ‘தன்னை’ என்னும் சொல்லுக்குப் பால் இல்லை; அச்சோதனையை அப்படியே தமிழில் வைக்க இயலாது. எனினும் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்னும் முடிபுகள் நம்மைக் காட்டிக்கொடுக்கும்.)

அந்த அலைக்காக எவரையும் பழிப்பது முறையன்று. கண்டு பழகியதையே மூளை எதிர்பார்க்கிறது. அறத்தின் பொறுப்பு அதற்கடுத்த கணத்தில் தொடங்குகிறது. எழுந்த வியப்பை ஏளனமாக உதிர்ப்பதும், நாவை அடக்கிக்கொண்டு எதிரில் நிற்பவரின் உழைப்பை உள்ளபடி காண்பதும் நம் கையில்தான் உள்ளன. தாயின் சேலையை மடிக்க முனைந்த ஏழு வயதுச் சிறுவனைப் பார்த்து வீட்டார் சிரிக்கிறார்கள். அவன் நாணித் துணியைக் கீழே வைக்கிறான். பிறகு எடுப்பதே இல்லை. எழுபதாம் வயதில் மனைவியை இழந்தபின், தன் வேட்டியைத் தானே அலசத் தெரியாமல் மருமகளின் முகம் பார்த்து நிற்கிறான். இப்படி நின்ற பெரியவர்களை என் உறவிலேயே கண்டிருக்கிறேன். அவர்களின் மௌனத்தைக் காணப் பொறுக்காது.

நாளை மாலை கொடியிலிருந்து துணி எடுக்கும்போது உங்கள் மகனையும் உடன் அழையுங்கள். அவன் மடிக்கும் முதல் சேலை கோணலாகத்தான் இருக்கும்; சிரித்துவிடாதீர்கள்.