சிகிச்சைக்குப் புறப்படும் முன்



குழந்தைக்காகச் சிகிச்சை தொடங்கவிருக்கும் தம்பதிகள் முதலில் கேட்பது, "ஹஜ்ரத், இது கூடுமா?"

கூடும். மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986-இல் அம்மானில் கூடி எடுத்த முடிவு: கணவனின் விந்தும் மனைவியின் கருமுட்டையும் சேர்ந்து, அதே மனைவியின் கருப்பையில் வைக்கப்பட்டால், தேவையுள்ளோருக்குத் தடையில்லை. பிறர் விந்து, பிறர் முட்டை, வாடகைத் தாய் எல்லாம் ஹராம். வம்சம் கலந்துவிடக் கூடாது. ஆகவே படிவத்தை முழுதாக வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள். மாதிரிகள் மாறிவிடாதிருக்க என்ன ஏற்பாடு என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கணவன்மார்களே! மனைவியை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பாதீர்கள். குறை ஆணிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனை எளிது. அவளுக்குச் செய்பவற்றில் சில வேதனையானவை. முதலில் நீங்கள் போங்கள்.

மாமியார்மார்களே! "மலடி" என்ற சொல் இனி உங்கள் வீட்டில் கேட்க வேண்டாம். பிள்ளையைக் கொடுப்பதும் கொடுக்காதிருப்பதும் தன் நாட்டமே என்று ஷூரா அத்தியாயத்தில் (42:49, 50) அல்லாஹ் சொல்லிவிட்டான். அவன் முடிவுக்கு அவளை ஏன் ஏசுகிறீர்கள்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவர்களின் அந்தஸ்து குறைந்ததா?

சிகிச்சை முதல் முறையில் பலிக்காமலும் போகலாம். அதற்காக வட்டிக் கடனில் விழாதீர்கள். முதுமையிலும் துஆவை விடாத ஸகரிய்யா (அலை) அவர்களை நினையுங்கள். மருந்து நம் முயற்சி, பலன் ரப்பிடம்.

யா அல்லாஹ்! ஏங்கும் இல்லங்களுக்கு ஸாலிஹான சந்ததியைத் தருவாயாக! தராதபோதும் அந்த இருவரின் அன்பைக் காப்பாயாக! ஆமீன்.