அலுமாரியின் திறப்பு யாரிடம்?

ஒரு பொருளைப் பழுதில்லாமல் காத்து, வாங்கியபடியே திருப்பிக் கொடுப்பவன் நல்ல பொறுப்பாளனா? ஆம் என்றே நம்மில் பலரும் சொல்வோம். அயல் வீட்டில் இரவல் வாங்கிய அண்டாவை நெளிவில்லாமல் கழுவிக் கொடுக்க வேண்டுமென்று பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம். ஆனால் அந்தப் பொருள் ஓர் ஆரம்பப் பாடசாலையின் கணித உபகரணமாக இருந்தால், இதே விடையைச் சொல்லலாமா? இது சற்று நின்று சிந்திக்க வேண்டிய கேள்வி.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிப் பட்டினத்திலும், உப்புவெளி, நிலாவெளிக் கரையிலும், குடாவுக்கு அப்பால் கிண்ணியா, மூதூரிலும் பாடசாலைகள் பல உண்டு. எண்சட்டம், கடிகார மாதிரி, பின்னத் துண்டுகள், தராசு, அளவுச் சாடி போன்றவை இத்தகைய பாடசாலைகளுக்கு வெவ்வேறு வழிகளில் வருகின்றன. அரசாங்கம் கொடுப்பவை சில; பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் தருபவை சில. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரப் பாடசாலைகளுக்கு நன்கொடையாக வந்தவையும் உண்டு. வந்த பொருள் பிள்ளைகளின் கைகளில் இருக்கிறதா, பூட்டிய அலுமாரிக்குள் இருக்கிறதா என்பதே இங்கு கேள்வி. இது இந்த மாவட்டத்துக்கு மட்டும் உரிய கேள்வியுமன்று.

பூட்டி வைப்பவரை அவசரப்பட்டுக் குறை சொல்லலாகாது. பாடசாலைக்குப் பொருட் பதிவேடு உண்டு. ஆண்டுக் கணக்கெடுப்பு உண்டு. எண்ணிக்கை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அதிபரும் ஆசிரியருமே. அதுமட்டுமன்று, பொதுப்பொருள் என்பது ஏழைகளின் பொருள். இந்த வருடத்துப் பிள்ளை உடைத்தெறிந்தால் அடுத்த வருடத்துப் பிள்ளைக்கு இல்லாமற் போகும். 2022இல் நாடு பட்ட நெருக்கடியை நாம் மறக்கவில்லை. அச்சிடத் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். அப்பியாசக் கொப்பியின் விலையைக் கேட்டுப் பெற்றோர் திகைத்தார்கள். அப்படியான காலத்தைக் கண்டவர்கள் உள்ளதைக் காத்துக்கொள்ள நினைப்பதில் வியப்பில்லை.

இந்த நியாயம் வலுவானதுதான், ஆனால் முழுமையானதல்ல. பதிவேட்டில் பொருளின் எண்ணிக்கைக்கு இடமுண்டு. அந்தப் பொருளால் எத்தனை பிள்ளைகள் விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. உடைந்த எண்சட்டம் நட்டமாக எழுதப்படும். விளங்காமலே மேல்வகுப்புக்குப் போன பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் நட்டமாக எழுதப்படுவதில்லை.

அந்த நட்டம் எப்படிப்பட்டது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்ப்போம். 32இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே பக்கத்தில் 'கடன் வாங்கு' என்று சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை வாங்குகிறது. ஆனால் யாரிடம் வாங்கியது? எப்போது திருப்பிக் கொடுப்பது? கேட்கும் பிள்ளைக்கு விடையில்லை. கேட்காத பிள்ளை மனப்பாடம் செய்கிறது. அதே பிள்ளையின் கையில் பத்துப் பத்தாக நூலால் கட்டிய மூன்று ஈர்க்குக் கட்டுகளையும் இரண்டு தனி ஈர்க்குகளையும் கொடுத்துப் பாருங்கள். ஏழை எடுக்க முடியாமல், தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது தனி ஈர்க்குகள் பன்னிரண்டு. ஏழை எடுத்தால் மிகுதி ஐந்து. இரண்டு கட்டுகளில் ஒன்றை எடுத்தால் மிகுதி ஒன்று. விடை 15. இங்கே கடனே இல்லை. தன்னிடம் இருந்த கட்டைத்தான் அது அவிழ்த்தது. கை கண்டதை மனம் மறப்பதில்லை.

மூன்றாம் ஆண்டில் இதை விளங்காத பிள்ளைக்கு நெடும்பிரித்தல் விளங்காது, பின்னமும் விளங்காது. பின்னர் க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியில்லையென்றால் உயர்தர வகுப்பின் வாசலில் நின்றுவிட நேரும். வசதியுள்ள வீட்டார் ரியூசனுக்கு அனுப்பி ஈடுசெய்வார்கள். கடலுக்குப் போகிறவரின் பிள்ளைக்கும், கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கும் வகுப்பறையைத் தவிர வேறு இடமில்லை. ஆகவே பூட்டிய அலுமாரி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பூட்டப்படுவதில்லை. ஏழைப் பிள்ளைக்கே அது இறுகப் பூட்டப்படுகிறது.

இவ்விடத்தில் மரியா மொன்டிசோரி அம்மையாரை நினைவுகூர்வது நன்று. 1907 ஜனவரி 6ஆம் திகதி ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று நம் நாட்டில் பாலர் பாடசாலைக்கே 'மொன்டிசோரி' என்று பெயராகிவிட்டது. ஆனால் பெயரை எடுத்துக்கொண்ட அளவுக்கு அவருடைய வழியை நாம் எடுத்துக்கொண்டோமா?

அவருடைய வகுப்பறையில் அலுமாரிக்குப் பூட்டில்லை. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள்தாம். ஒன்றுக்கு ஒரு மணி. பத்துக்குப் பத்து மணி கோத்த கம்பி. நூறுக்கு ஒரு சதுரம். ஆயிரத்துக்கு ஒரு கனம். பிள்ளை ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்து, அது ஒன்றைவிட எவ்வளவு பாரமென்று தன் கையாலேயே அறியும். இன்னொன்றும் அவர் செய்தார்: கண்ணாடிக் குவளை, பீங்கான் தட்டு முதலிய உடையக்கூடிய பொருட்களையே சிறுவர்களிடம் கொடுத்தார். உடையாத பொருளைக் கையாளும் பிள்ளை கவனத்தைக் கற்காது என்பது அவர் கண்ட உண்மை. பிள்ளை உடைத்துவிடும் என்று பயந்து பூட்டுகிறோம். பூட்டுவதாலேயே உடைக்காமல் வைத்திருக்கக் கற்கும் வாய்ப்பையும் பறித்துவிடுகிறோம்.

தாலந்து உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மூன்றாவது ஊழியன் திருடவில்லை, வீண்செலவு செய்யவில்லை. மண்ணில் புதைத்துக் காத்து, பெற்றதை அப்படியே திருப்பிக் கொடுத்தான். பதிவேட்டின்படி அவன் கணக்கு மிகச் சரி. ஆயினும் தலைவன் அவனையே கடிந்துகொண்டான். தான் பயந்ததாக அவனே ஒப்புக்கொண்டான். பயம் காத்துவைக்கும், பலன் தராது.

அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிட்டு உடைபட விடுவதா? அதுவுமன்று. நாளாந்தம் கை படும் பொருள் மலிவானதாகவும் எளிதில் மீண்டும் கிடைப்பதாகவும் இருக்கட்டும். புளியங்கொட்டை, ஈர்க்கு, கரையில் ஒதுங்கிய சிப்பி, சோடா மூடி இவற்றுக்குப் பதிவேடு தேவையில்லை. தராசு, அளவுச் சாடி போன்றவற்றை ஆசிரியர் முன்னிலையில் முறைவைத்துப் பிள்ளைகளே கையாளட்டும்; எடுத்த இடத்தில் வைப்பதும் பாடத்தின் பகுதியாகட்டும். பாவனையால் தேய்ந்த பொருளுக்கும், கவனக்குறைவால் காணாமற்போன பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கெடுப்பவர்கள் உணரட்டும். தேய்ந்த எண்சட்டம் ஒரு ஆசிரியருக்கு நற்சான்று. புத்தம் புதிதாகவே இருக்கும் எண்சட்டந்தான் விளக்கம் கேட்கப்பட வேண்டியது.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடமும் இதனோடு கைகோர்க்கும். சிப்பிகளை இனம் பிரிப்பதும், பெருக்கெண்ணுவதும், கோட்டில் வரைந்து காட்டுவதும் ஒரே வேலை. ஆனால் படிப்புக்குத்தானே என்று பவளப் பாறையைப் பெயர்த்து வருவது தகாது. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. கற்பித்தலின் பெயரால் பொதுச் சொத்தைச் சிதைப்பதும் அதே பிழையின் மறுபக்கமே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிறிஸ்டல் மட்டையும் வர்ணப் பேனையும் வாங்கி வரச்சொல்லும்போது, அன்று அடுப்பெரிந்ததா என்று தெரியாத வீடும் வகுப்பில் உண்டென்பதை மறக்க வேண்டாம். பெற்றோருக்கும் ஒன்று: அடுத்த கூட்டத்தில் பிள்ளையின் புள்ளியை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எண்சட்டத்தைப் பிள்ளைகள் தொடுகிறார்களா என்றும் கேளுங்கள். உடைந்தால் எல்லாருமாகச் சேர்ந்து திருத்தித் தருகிறோம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை, பல வருடமாகப் பயத்தோடு திறப்பை வைத்திருக்கும் ஆசிரியருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.